கொற்கையும் கொல்கோயும்: யவனர் குறித்த துறைமுகத்தில் ஒரு நாள்

பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையைப் பற்றி யான் பதினெட்டு ஆண்டுகளாகக் கோவில்பட்டியில் மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். தலைவியின் பல்லுக்கு உவமையாக அகநானூற்றிலும் ஐங்குறுநூற்றிலும் வரும் முத்து கொற்கை முத்தே. கரையொதுங்கிய முத்துகள் தேர்க்குதிரைகளின் கால்களை உறுத்தி நடையைத் தடுத்தன என்று பாடப்பெற்ற துறையும் அதுவே. இவற்றையெல்லாம் விளக்கும்போது கரும்பலகையில் ஒரு கடற்கரை வரைந்து காட்டுவதும் என் வழக்கம். ஆயினும் கோவில்பட்டியிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று மீளத்தக்க அவ்வூரை யான் கண்டதில்லை.

பத்தாண்டுகட்கு முன்பு ஒரு மலருக்கு எழுதிய கட்டுரையில், ‘யவனர் நாவாய்கள் அணிவகுத்து நின்ற கிரேக்கத் துறைமுகம் கொற்கை’ என்றொரு வாக்கியம் எழுதியிருந்தேன். சென்ற ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர் அவ்வாக்கியத்தை மேற்கோளாக எடுத்து, அடிக்குறிப்பில் என் பெயரையும் இட்டு, தம் கையெழுத்துப்படியைக் கொண்டுவந்தார். படித்து முடித்ததும், “ஐயா, இதற்குச் சான்று எது என்று கேட்டால் நான் எதைக் காட்டுவது?” என்றார். விடை கூற இயலாமற்போயிற்று. பிறர் எழுதியதைப் பார்த்து யான் எழுதினேன். அவரும் அவ்வாறே வேறொருவரைப் பார்த்து எழுதியிருக்கலாம். மாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை அம்மாணவரையும் வேறிருவரையும் உடனழைத்துக்கொண்டு கொற்கைக்குப் புறப்பட்டேன். அன்று கண்டவற்றையும், அதற்கு முன்னும் பின்னும் படித்தவற்றையும் ஒருங்கு வைத்து அவ்வாக்கியம் நிற்குமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை வழியாகத் தூத்துக்குடி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். வழிநெடுகக் கரிசல். மாசியில் அம்மண் வெடிக்கத் தொடங்கிவிடும். பருத்தி எடுத்த மாரும் உளுந்து பிடுங்கிய தரையுமாகக் கிடக்கும். இந்நிலத்து மக்கள் வானத்தை நோக்கி வாழ்பவர். கடல் நெய்தல் நிலத்தார்க்கு உரியது, நமக்கு அதனோடு உறவில்லை என்று எண்ணுபவர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது 1876ஆம் ஆண்டில். கரிசற்பருத்தி பொதிபொதியாகத் துறைமுகத்துக்குச் சென்றது அதன் வழியே. அந்தப் பருத்தியின் பொருட்டே 1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் தோன்றிற்று. உள்நாட்டுக் கரிசலும் தென்கடற்கரைத் துறையும் ஒன்றையொன்று பற்றி வாழ்ந்தவை. துறை எவ்விடத்தில் இருந்தது என்பது மட்டும் காலந்தோறும் மாறிற்று.

தூத்துக்குடியிலிருந்து ஏரல் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பினோம். கரிசல் முடிந்து தாமிரபரணியின் நன்செய் தொடங்கும் இடத்தில் கண்ணுக்கு ஒரு குளிர்ச்சி உண்டாகிறது; இருபுறமும் வாழையும் நெல்லும். கொற்கைக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி இருக்கும். வண்டியிலிருந்து இறங்கிய மாணவர் மூவரும் முதலிற் செய்தது நாற்புறமும் திரும்பிப் பார்த்தது. ஒருவர், “கடல் எங்கே ஐயா?” என்றார். கடல் அங்கில்லை. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஊர் சிறியது, குளக்கரை, வயல், பனை, சில தெருக்கள். கரும்பலகையில் யான் வரைந்துவந்த கடற்கரை அந்நொடியே அழிந்தது.

இவ்வூரைக் கிரேக்கர் எவ்வாறு அறிந்தனர் என்பதை முதலில் நோக்குவோம். கி.பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மொழி வணிகன் ஒருவன் தன் பெயரைக் கூறாது எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பு ஒன்று உண்டு. ‘எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்’ என்பது அதன் பெயர். அதன் 59ஆம் பகுதியில், கொமாரி எனும் குமரிக்கு அப்பால் நாடு கொல்கோய் வரை நீள்கிறது என்றும், அங்கே முத்துக்குளிப்பு நடைபெறுகிறது என்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் ஈடுபடுத்தப்படுகின்றனர் என்றும், அது பாண்டியன் ஆட்சிக்கு உட்பட்டது என்றும் அவன் குறிக்கிறான். கி.பி. 150ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தன் நிலநூலில் கொல்கோயை வணிகத்துறை என வரிசைப்படுத்துகிறான். அத்துறை அமைந்த வளைகுடாவுக்கே, அதாவது இன்றைய மன்னார் வளைகுடாவுக்கே, கொல்கிய வளைகுடா என்று பெயரிடுகிறான். அருகிற் கடலில் கலக்கும் ஆற்றை அவன் சோலேன் என்பான். அச்சொல்லுக்குக் கிரேக்கத்தில் குழல் என்றும் ஒருவகைச் சிப்பி என்றும் பொருள். தாமிரபரணியே அவ்வாறு என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. சிப்பியும் சங்கும் மிகுந்த முகத்துவாரத்துக்கு அயல்நாட்டு மாலுமிகள் அப்பெயரிட்டது பொருத்தமானதே.

கொல்கோய் என்பது கொற்கையே என்று இன்று ஐயமின்றி ஏற்கிறோம். தொடக்கத்தில் அவ்வாறில்லை, கீழக்கரைப் பக்கம் அதனைக் கொண்டுசென்றவரும் உண்டு. கொற்கையை நிலைநாட்டியவருள் தலையாயவர் கால்டுவெல். கொல், கை என்னும் இரு சொற்கள் புணர்ந்து கொற்கை ஆயிற்று எனவும், அதற்குப் படை அல்லது பாசறை என்பது பொருள் எனவும், கிரேக்க வடிவம் புணர்ச்சிக்கு முந்திய லகர ஒற்றைக் காத்துவைத்துள்ளது எனவும் அவர் கருதினார். ஊர்ப்பெயர் அடையாளத்தில் அவரோடு முற்றும் உடன்படுகிறேன். லகர ஒற்றைப் பற்றிய கருத்தில் எனக்கு ஒரு தடை உண்டு. வல்லினத்தின் முன் வரும் றகர ஒற்று இன்று நாம் பலவிடத்தும் ஒலிப்பது போன்ற ரகர ஒலியன்று. அது நுனிநா அண்பல்லை ஒற்றி நிற்கும் வல்லொலி. இவ்வொலி கிரேக்கத்தில் இல்லை. தமிழ் மாலுமி ‘கொற்கை’ என்று சொல்லக் கேட்ட கிரேக்கன், தன்னிடமுள்ள எழுத்துகளில் எதனை அதற்கு இடுவான்? ரகரமும் ஒவ்வாது, தகரமும் ஒவ்வாது, லகரத்தை இட்டிருக்கலாம். கருங்கடற்கரையில் கொல்கிசு என்ற நாடு அவனுக்குப் பழைய கதைகளால் நன்கு பழகிய பெயர். அப்பழக்கமும் கையை இழுத்திருக்கலாம். ஆகவே கிரேக்க வடிவத்தைக் கொண்டு தமிழ்ப் புணர்ச்சியின் வரலாற்றை எழுதப் புகுவது துணிபாகாது. ஓய் என்பது கிரேக்கப் பன்மை விகுதி என்பதையும் மறத்தல் கூடாது.

பெயராய்ச்சியைவிட இன்றியமையாதது வேறொன்று. முசிறியையும் நெல்கிண்டாவையும் பேசும்போது அவ்வணிகன் என்னென்ன சரக்கு இறங்குகிறது, என்னென்ன ஏறுகிறது என்று பட்டியலே தருகிறான்: நாணயம், பவளம், செம்பு, வெள்ளீயம், காரீயம், மது எனத் தொடங்கி மிளகு, தந்தம், முத்து, பட்டு என முடிக்கிறான். எப்பருவத்தில் எகிப்திலிருந்து புறப்பட வேண்டும் என்பதையும் கூறுகிறான். கொல்கோய்க்கு அத்தகைய பட்டியல் இல்லை. என்ன கொண்டுசென்றால் விலைபோகும் என்று ஒரு சொல்லும் இல்லை. குமரிக்கு அப்பாலுள்ள கீழைக் கடற்கரையை அவன் நேரிற் காணவில்லை, கேட்டெழுதினான் என்று ஆராய்ச்சியாளர் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், எகிப்திலிருந்து மேலைக்கரைக்கு வந்தவற்றுள் பெரும்பகுதி கீழைக்கரைக்கும் செல்கிறது என்றும், அக்கரையோரமாக உள்நாட்டுக் கலங்களும் ‘சங்கர’ என்னும் பெருங்கலங்களும் ஓடுகின்றன என்றும் அவனே சொல்கிறான். அஃதாவது, யவனப் பண்டம் ஓரிடத்திற் கிடைத்தால் அங்கு யவனக் கப்பல் வந்தது என்பது பொருளன்று. தமிழர் கலமே அதனைக் கொண்டுவந்து இறக்கியிருக்கலாம்.

நம் இலக்கியமும் இதற்கு மாறாக இல்லை. முசிறியில் யவனர் கலங்கள் வந்ததை அகநானூறு கூறும். பாண்டியன் நன்மாறன் யவனர் தந்த மதுவை அருந்தியதைப் புறநானூறு கூறும். யவனப் பாவை விளக்கு, யவனக் காவலர் என்பனவும் பாட்டுகளில் உண்டு. கொற்கையைப் பெயர் சுட்டிப் பாடும் சங்கப் பாட்டுகளை ஒருங்கே எடுத்துவைத்து மீண்டும் படித்தேன். அவற்றுள் ஒன்றிலேனும் யவனன் வந்ததாக யான் காணவில்லை. முத்து உண்டு, சங்கு உண்டு, பரதவர் உண்டு, கள் உண்டு, பாண்டியன் தேர் உண்டு.

கொற்கையில் எங்களுக்கு முதலில் எதிர்ப்பட்டவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். மாணவர் அவரை அண்ணாச்சி என்றழைத்து, பழைய பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று வினவினர். அவர் சற்றுச் சிரித்தார். “தேடிப் போகவா வேணும்? இந்தக் கொல்லையில எங்க தோண்டினாலும் சங்குதான்” என்றவர், மோட்டார் அறைக்குப் பின்புறம் குவிந்திருந்தவற்றைக் காட்டினார். கிணற்றை ஆழப்படுத்தியபோது வெளிவந்தவை என்றார். சிப்பி ஓடுகளும் கடற்சங்குத் துண்டுகளும் மணலோடு கலந்து கிடந்தன. ஒரு மாணவர் சங்குத் துண்டொன்றை எடுத்துத் துடைத்தார். அதன் ஓரம் உடைந்த ஓரமன்று; வாளால் அறுத்த ஓரம். இழுத்திழுத்து அறுத்ததனால் உண்டான கோடுகள் விரல் நகத்தால் தடவினால் உணரத்தக்கவாறு இருந்தன. கடலே இல்லாத ஊரில், வாழைத் தோட்டத்தின் நடுவில், அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நால்வரும் சிறிது நேரம் பேசாது நின்றோம்.

கால்டுவெல் இங்கு அகழ்ந்து, தம் முடிவுகளை வெளியிட்டது 1877இல். கோவில்பட்டி வழியாகப் பருத்திப் பொதிகள் புதுத்துறைமுகத்துக்குச் செல்லத் தொடங்கிய மறு ஆண்டில் இப்பழந்துறைமுகத்தை அவர் ஆராய்ந்தெழுதினார் என்பது நினைக்கத்தக்கது. நிலத்தின் மேலடுக்கை நீக்கியதும் கடல்மணலும் சிப்பியும் சங்கும் தோன்றுவதை அவர் கண்டார். இவ்வூர் ஒருகாலத்தில் கடலோரத்ததே என்பதற்கு அதனைச் சான்றாக்கினார். சேர சோழ பாண்டியர் மூவரும் உடன்பிறந்தாராய் இங்கே வளர்ந்தனர் என்னும் செவிவழிச் செய்தியையும் அவர் பதிந்துள்ளார். அருகிலுள்ள முக்காணி என்னும் ஊர்ப்பெயர் அம்மூவர் காணியைக் குறிப்பது என்பர். செவிவழிச் செய்தி வரலாறாகாது. எனினும் மூவேந்தர் மரபின் தொட்டிலை மதுரையில் வையாது இக்கடற்றுறையில் மக்கள் நினைவு வைத்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருத்தல் வேண்டும். சங்கறுக்கும் தொழிலை விரிவாக ஆராய்ந்த ஜேம்சு ஹார்னெல், 1914இல் வெளிவந்த தம் நூலில் கொற்கையைப் பழைய வளைத்தொழிலின் இடங்களுள் ஒன்றாகக் கொண்டார்.

1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை முறையாக அகழ்ந்தது. கருப்பு-சிவப்புப் பானையோடுகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கரித்துண்டொன்றைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்ந்தபோது கி.மு. 785 என்னும் காலம் கிடைத்தது. பின்னர் 2021இல் மீண்டும் அகழ்ந்தபோது செங்கற் கட்டடப் பகுதியும், ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குப் பொருந்திய துளையுடைச் சுடுமண் குழாயமைப்பும், சங்கறுப்பின் எச்சங்களும் கிடைத்தன.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திக் கூறுதல் வேண்டும். கி.மு. 785 என்பது அக்கரித்துண்டின் காலம். பெரிப்ளூஸ் எழுதப்பெற்ற காலத்துக்கு அது எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. மேடைகளிலும் மலர்களிலும் இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் கூறி, கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் கொற்கைக்கு வந்து வணிகம் செய்தனர் என்று முடித்துவிடுகின்றனர். எண்ணூறு ஆண்டு என்பது இராசராச சோழன் காலத்துக்கும் நமக்கும் உள்ள தொலைவில் முக்காற்பங்கு. அவ்வளவு பெரிய இடைவெளியை ஒரு காற்புள்ளியால் இணைத்தல் தகாது. யான் எழுதிய வாக்கியமும் அத்தகைய இணைப்புகளின் வழிவந்ததே. உண்மையில் அக்கரித்துண்டு கூறுவது யவனரைப் பற்றியதன்று. யவனர் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே இங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதே அதன் செய்தி. பெருமை வேண்டுவார்க்கு அது போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது.

சங்குத் துண்டுக்கு மீள்வோம். கொற்கை என்றவுடன் முத்தை நினைப்பதே நம் வழக்கம். கிரேக்கனும் முத்தையே குறித்தான். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு விலையுயர்ந்த பொருளே புலப்படும். மதுரைக்காஞ்சி கொற்கையைக் கூறுமிடத்தில் முத்தோடு சங்கு குளிப்போர் சேரியையும், கள்ளுண்போர் வாழும் பாக்கத்தையும் சேர்த்துக் கூறுகிறது. அகநானூற்றுப் பாட்டொன்றில் பரதவர் மூழ்கி எடுப்பது வலம்புரிச் சங்கு. முத்து வேந்தனுக்கும் அயல்நாட்டு வணிகனுக்கும் சென்றது. சங்கு வளையலாகித் தமிழ்நாட்டுப் பெண்களின் கைக்குச் சென்றது. பிற்காலத்தில் இக்கரைச் சங்கு வங்கத்துக்கும் பெருவாரியாகச் சென்றது. மண்ணில் எஞ்சியிருப்பதும் சங்கே. முத்து எடுத்தவன் அதை விற்றுவிட்டான். சங்கறுத்தவன் வேண்டாத துண்டுகளை அவ்விடத்திலேயே எறிந்தான். பானையோட்டைப் போன்றே எறிந்த துண்டும் பொய் சொல்லாது.

முத்துக்குளித்தோர் யாவர் என்பதில் கிரேக்கக் குறிப்பும் தமிழ்ப் பாட்டும் முரண்படுகின்றன. தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று ஒன்று கூற, பரதவர் என்று மற்றொன்று கூறும். இரண்டையும் பொருத்த விரும்புவோர், பரதவரோடு குற்றவாளிகளும் ஈடுபடுத்தப்பட்டனர் என்பர். இருக்கலாம். ஆயின் குளிப்பு என்பது ஒருவனைப் பிடித்துக் கடலில் தள்ளிச் செய்விக்கத்தக்க தொழிலன்று. மூச்சை அடக்குதல், கல்லைப் பற்றி இறங்குதல், பார் எங்கேயுள்ளது என்று அறிதல் ஆகியவை தலைமுறை தலைமுறையாக வரும் அறிவு. எகிப்திலும் பிறவிடத்தும் சுரங்கங்களில் குற்றவாளிகளைப் பயன்படுத்துவதைக் கண்டு பழகிய ஒருவன், கடலடியில் உயிரைப் பணயம் வைத்து மூழ்கும் மக்களைப் பற்றிக் கேள்வியுற்றபோது, தண்டனைக்கு அஞ்சியன்றி எவன் இதைச் செய்வான் என்று எண்ணியிருத்தல் கூடும். இது என் கருத்து, மறுப்பார் மறுக்கலாம். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்து ஓய்ந்தது. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து உண்டாக்கிக் காட்டினர். சங்குகுளிப்பு மட்டும் நின்றபாடில்லை.

நண்பகலில் குளக்கரையிலுள்ள வெற்றிவேல் செழியநங்கை அம்மன் கோயிலுக்குச் சென்றோம். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்பது சிலப்பதிகாரச் செய்தி. செழியநங்கை கண்ணகியே என்பது ஊராரின் உறுதி. அருகில் அக்கசாலை என்னும் இடத்தில் வயல்நடுவே ஈசுவரமுடையார் கோயில் உள்ளது. அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் இடத்தையும் பொன்வினைப் பட்டறையையும் குறிக்கும் பழஞ்சொல். பாண்டியர் நாணயச்சாலை இங்கிருந்தது என்று கால்டுவெல் முதலானோர் இப்பெயரைக்கொண்டே கருதினர். ஆயிரம் பொற்கொல்லர் இறந்துபட்டதாகக் காப்பியம் கூறும் ஊரில் பொற்கொல்லர் பட்டறையின் பெயர் நிலத்தில் நிலைத்திருப்பது மாணவரை மிகவும் கவர்ந்தது. இரண்டையும் இணைத்து அங்கேயே ஒரு கட்டுரை எழுதிவிடத் துடித்தனர். காப்பியத்தின் பலி நடந்ததற்கு அப்பெயர் சான்றாகாது என்றும், பொன்வினைஞர் மிகுந்த ஊர் என்பதைக் காப்பியப் புலவர் அறிந்திருந்தார் என்று கொள்வதே இயலும் என்றும் கூறினேன். அவர்கள் முகம் சற்று வாடியது. ஊரிலுள்ள முதிய வன்னிமரத்துக்கு ஈராயிரம் ஆண்டு வயது என்று சொன்னவரிடம் யாம் வாதிடவில்லை. நிழல் நன்றாக இருந்தது, கட்டுச்சோற்றை அங்கேயே உண்டோம்.

பிற்பகலில் உமரிக்காடு வழியாக முக்காணிக்கு வந்து, வடக்கே திரும்பிப் பழையகாயல் சென்றோம். கொற்கையை விட்டுக் கடல் விலகியபின் துறை வந்து அமைந்த இடம் இது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ‘காயில்’ என்று புகழ்ந்த பெருநகரம் பழையகாயலே என்று நிறுவியவரும் கால்டுவெல்லே. ஓர்முசிலிருந்தும் ஏதனிலிருந்தும் குதிரைகளோடு வரும் கப்பல்களெல்லாம் அங்கு நின்று சென்றன என்பது போலோவின் கூற்று. சங்கப் பாட்டில் கொற்கை மணலில் முத்து உறுத்த நடந்த குதிரைக்கும், பாண்டியன் பொன் கொடுத்து வாங்கிய இக்குதிரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டு. இன்று அவ்வூரிலும் கடல் இல்லை. அப்பக்கத்தில் உப்பளம் உண்டு. காயலையும் மண் தூர்த்தபின் துறை ஆற்றின் வாயிலுள்ள புன்னைக்காயலுக்குப் பெயர்ந்தது. போர்ச்சுகீசியர் அங்கே நிலைகொண்டனர். தமிழில் அச்சிட்ட நூல்களைத் தந்த என்றீக்கு என்றீக்கசு அடிகளார் பணிபுரிந்த ஊர் அது. அதன்பின் ஆற்றுமண் எட்டாத தூத்துக்குடி மேலோங்கிற்று. அங்கும் ஆழம் போதாமையால் புதிய பெருந்துறைமுகம் அமைக்க நேர்ந்தது. அது 1974இல் செயற்பட்டது.

ஆகக் கொற்கையை அழித்தவர் எவருமில்லை, எப்படையெடுப்பும் காரணமன்று. கடல்கோள் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொற்கையில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது. கடல் ஊரைக் கொள்ளவில்லை. ஆறு கடலை விலக்கி நிலத்தை நீட்டிற்று. பொதிகையிலிருந்து தாமிரபரணி கொணரும் வண்டல் முகத்துவாரத்தில் ஆண்டுதோறும் படிந்து படிந்து, கலம் நின்ற இடத்தில் நாற்றங்கால் தோன்றிற்று. துறைமுகத்தை உண்டாக்கிய ஆறே அதனைத் தூர்த்தது. இது எத்துணை விரைவில் நிகழக்கூடும் என்பதை அண்மையிற் கண்டோம். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைமீறி ஏரல் பகுதியை மூழ்கடித்தது. மணல் எவ்வளவு இறங்கிற்று என்று முதியவரிடம் காலையில் கேட்டிருந்தோம். அவர் தம் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். ஒரு வெள்ளத்துக்கு அவ்வளவு என்றால், ஈராயிரம் கார்த்திகைகளுக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் ஆறு கிலோமீட்டர் வியப்பைத் தருவதன்று.

திரும்பி முக்காணிப் பாலத்தைக் கடந்து ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அன்று முதன்முதலாகக் கடலைக் கண்டோம். ஆற்றுவாயில் மணல் திட்டுக்கட்டியிருந்ததனால் இரண்டு படகுகள் உள்ளே வர நீர் ஏறும்வரை காத்துநின்றன. கரையில் நின்ற மீனவர் ஒருவர், மணலைத் தோண்டித் தள்ளினாலும் மறுபடியும் வந்து அடைத்துக்கொள்கிறது என்று மாணவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். கொற்கைப் பரதவரும் ஒரு நாள் இவ்வாறே தம்முள் பேசிக்கொண்டிருப்பர்.

யவனத் தடயம் பாண்டிநாட்டுக் கரையில் இல்லாமற்போகவில்லை. வைகையின் கழிமுகத்தருகே அழகன்குளத்தில் உரோம நாணயங்களும் மதுச்சாடி ஓடுகளும் கப்பல் உருவம் கீறிய பானையோடும் கிடைத்துள்ளன. கொற்கையிலும் நாளை கிடைக்கலாம். கடலடியிலும் கரையிலும் ஆய்வு தொடர வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அகழ்ந்த இடம் சிறிது. அகழாத வயல் பெரிது. எனினும் கிடைத்தபின் எழுதுவதே முறை.

மாணவரின் கையெழுத்துப்படியில் என் வாக்கியத்தை அன்றிரவே அடித்துவிடச் சொன்னேன். அவர் தயங்கினார், ஆசிரியர் வாக்கியத்தை மாணவர் எப்படி அடிப்பது என்று எண்ணினார் போலும். பேனாவை வாங்கி யானே அடித்தேன். என் கட்டுரை மறுபதிப்பாக வரும் தொகுதிக்கு அவ்விடத்தில் இவ்வாறு திருத்தி அனுப்பியுள்ளேன்: ‘கொற்கை பாண்டியர் துறைமுகம்; முத்துக்குளிப்பும் சங்கறுப்பும் நடந்த ஊர். கிரேக்க வணிகர் அதனைக் கொல்கோய் என அறிந்திருந்தனர்.’